மட்டம் இழந்த சதுப்பு: ஓதநீர் மீட்பும் ஆற்று வண்டலும்

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஓர் அடி கடற்கரைகூடக் கிடையாது. ஆனால் தை மாத ஆற்றுத் திருவிழாவின்போது அண்ணாமலையார் மணலூர்ப்பேட்டையில் தீர்த்தவாரி காணும் தென்பெண்ணை, கடலூரருகே கடலில் கலக்கிறது. அதே ஆற்றில், இதே மாவட்டத்தில், 1958-இல் எழுந்த சாத்தனூர் அணை 119 அடி வரை நீரைத் தேக்குகிறது. நீரோடு வண்டலையும் தேக்குகிறது. கடலோரச் சதுப்பு மீட்பைப் பற்றிய நம் பேச்சில் தண்ணீருக்கு இடமுண்டு, நாற்றுக்கு இடமுண்டு. வண்டலுக்கு அவ்வளவாக இல்லை. கரையை உடைத்தாலும் வாய்க்கால் வெட்டினாலும் ஓதநீர் திரும்பிவிடும், நிலத்தின் மட்டம் திரும்பாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தமிழகத்தின் நல்ல சான்று பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்த அலையாத்திக் காட்டை ஆங்கிலேயர் காலத்திலிருந்தே வனத்துறை பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகாக்கியது. 1970கள் வரை இந்த முறை நீடித்தது. வெட்டிய இடம் தானாகத் தழைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தழைக்கவில்லை. பழி நெடுங்காலம் மாடு மேய்த்தவர்கள் மீதும் விறகு பொறுக்கியவர்கள் மீதும் விழுந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களில் ஆராய்ந்தபோது காரணம் மண்ணிலேயே இருந்தது. நிழல் போனதும் வெயில் சேற்றிலிருந்த நீரை உறிஞ்சியது, சேறு சுருங்கியது, நிலம் நடுவில் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. பெரிய ஓதத்தில் உள்ளே ஏறிய நீர் வடிய வழியின்றித் தேங்கிக் காய்ந்தது. ஒவ்வொரு முறையும் உப்பு கூடியது. கடைசியில் உமரிச் செடிகள் மட்டும் நின்றன; சில இடங்களில் அவையும் இல்லை.

உப்பளத்துக்காகவும் இறால் குளத்துக்காகவும் கரை கட்டி அடைத்த நிலத்துக்கும் ஏறத்தாழ இதே கதிதான். ஓதத்திலிருந்து துண்டிக்கப்பட்ட சதுப்பு காய்கிறது, அதிலுள்ள மக்கு காற்றுப்பட்டுக் கரைகிறது, நிலம் அமிழ்கிறது. வெளியே இருக்கும் சதுப்போ ஓதம் கொண்டுவரும் சேற்றால் ஆண்டுதோறும் சிறிது உயர்கிறது. கரையின் இருபுறமும் இரண்டு மட்டங்கள் உருவாகிவிடுகின்றன. சில மண்களில் காற்றுப்பட்ட கந்தகக் கனிமம் அமிலமாகவும் மாறுகிறது.

பிச்சாவரத்தில் கண்ட தீர்வு எளிமையானது, புத்திசாலித்தனமானது. இயற்கைக் கழியிலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு முதன்மை வாய்க்கால். அதிலிருந்து 30 பாகையில் இருபுறமும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஏற்றத்தில் நீர் புகுந்து இறக்கத்தில் வடிந்தது, உப்பு கழுவப்பட்டது, வாய்க்காலின் சரிந்த ஓரங்களில் நட்ட கண்டல் நாற்றுகள் பிடித்தன. கிராமக் குழுக்களும் வனத்துறையும் சேர்ந்து இதைச் செய்தன. 1980களின் பிற்பகுதிக்கும் 2002-க்கும் இடையில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2003-இல் கூறியது. இந்தியாவில் இவ்வளவு தெளிவான பலனைக் காட்டிய கடலோர மீட்புகள் சிலவே.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன்முள் வாய்க்கால் தாழ்ந்த நிலத்தை உயர்த்தவில்லை. தாழ்ந்த நிலத்துக்கு வடிகால் தந்தது. அதனால்தான் அந்த வாய்க்கால்கள் தூர்ந்துகொண்டே இருக்கின்றன, அவற்றைத் திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டியிருக்கிறது. திட்டப் பணம் நின்றால் தூர்வாருவதும் நிற்கும். தூர்கிறதென்றால் மண் வருகிறதுதானே என்று கேட்கலாம். வருகிறது, நீரோட்டம் தளரும் வாய்க்காலுக்குள் படிகிறது, பரந்த பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு வருவதில்லை. இந்தக் கரையில் ஓத ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்கு உட்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சாண் தாழ்வு சதுப்பைத் தேக்கமாக்கப் போதும்.

உலகின் இரண்டு எடுத்துக்காட்டுகள் இதற்கு உரைகல். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கார்கில் நிறுவனத்தின் 15,100 ஏக்கர் உப்புக் குளங்கள் 2003-இல் பொதுவுடைமையாயின. அவற்றில் தீவுக் குளங்கள் எனப்படும் மூன்றின் கரைகளை 2006-இல் உடைத்தார்கள். விரிகுடாவின் தென்முனை நீர் சேறு மிகுந்தது. சில ஆண்டுகளிலேயே குளங்களில் மண் படிந்து செடி ஏறிற்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையிலுள்ள வாலசீ தீவின் நிலைமை வேறு. பல நூற்றாண்டுகள் கரைக்குள் கிடந்த வயல்கள் மிகத் தாழ்ந்துபோயிருந்தன. அப்படியே திறந்தால் அளவுக்கு மீறிய ஓதநீர் உள்ளே பாயும். எனவே லண்டன் கிராஸ்ரெயில் சுரங்கப் பாதைகளில் தோண்டிய 30 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட மண்ணைக் கப்பலில் கொண்டுவந்து கொட்டி, முதலில் மட்டத்தை உயர்த்தினார்கள். கரையை 2015-இல்தான் திறந்தார்கள்.

தமிழகக் கரை இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? ஆறுகளே அதற்கு விடை சொல்கின்றன. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபின் காவிரிக் கடைமடையான முத்துப்பேட்டைக்கு நன்னீரும் வண்டலும் குறைந்தன. அங்கே உப்பு தாங்கும் வெண்கண்டலே ஏறத்தாழத் தனியாட்சி செய்வதற்கு இது முக்கியக் காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் அந்த ஒற்றையினக் காட்டைச் சிதைத்தது. தென்பெண்ணையில் சாத்தனூர் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அங்கிருந்து நொடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கின. பல மழைக்கால வெள்ளங்களில் சிறுகச் சிறுக இறங்கி முகத்துவாரத்தில் பரவ வேண்டிய வண்டல் அணைக்குள் படிகிறது. கீழே போவது எப்போதாவது வரும் ஒரு பெருவெள்ளம், அதுவும் வயல்களையும் வீடுகளையும் சேறாக்கிவிட்டு.

சட்டத்தின் கவனமும் கரைக்கோட்டில்தான் நிற்கிறது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை, மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, அகற்றச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் சூழலைச் சீராக்க வேண்டும் என்றும் கூறியது. துணிச்சலான தீர்ப்பு. ஆனால் 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் தொழிலைப் பதிவுக்கும் ஒழுங்குக்கும் உட்படுத்தித் தொடர வழிசெய்தது. கைவிட்ட குளத்தின் மட்டம் என்ன, அதை மீண்டும் சதுப்பாக்குவது யார் பொறுப்பு என்ற கேள்விகள் பின்தங்கிவிட்டன.

மட்டத்தின் முக்கியத்துவத்தை 2004 ஆழிப்பேரலையைத் தொடர்ந்த விவாதமும் காட்டுகிறது. கதிரேசனும் ராஜேந்திரனும் 2005-இல் 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்தி இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைந்ததென்று எழுதினர். மறு ஆண்டே கெர், பேர்ட், காம்ப்பெல் மூவரும் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து தொலைவும் தரையின் உயரமுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தன என்று மறுத்தனர். காட்டின் பயன் இதனால் பொய்யாகிவிடவில்லை. மீனுக்கும் நண்டுக்கும் அது வேண்டும். ஆனால் தரை உயரத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பது தெரிகிறது.

தமிழக அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஐந்தாண்டுகளுக்கு 2,000 கோடி ரூபாய் மதிப்பில் நெய்தல் மீட்சி இயக்கத்தை அறிவித்தது. இப்படிப்பட்ட திட்டங்களின் வெற்றியை நட்ட நாற்றிலும் எக்டேரிலும் அளப்பது வழக்கம். அதனோடு, மீட்கப்படும் ஒவ்வொரு நிலத்திலும் தொடக்கத்தில் தரைமட்டம் எடுத்து, ஆண்டுதோறும் மண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பதிவுசெய்வது அதிகச் செலவில்லாத வேலை. சாத்தனூர் வண்டலை லாரியில் ஏற்றிக் கடலூருக்கு அனுப்பச் சொல்வது வேடிக்கை. அந்த வண்டலுக்கு உள்ளூர் உழவர்களே போட்டியிடுவார்கள். ஆனால் படகுப் போக்குவரத்துக்காக முகத்துவாரங்களில் தூர்வாரும்போது கிடைக்கும் மெல்லிய சேறு சதுப்புக்கு அருகிலேயே இருக்கிறது. அதில் மணல் கலவாத பகுதியைப் பிரித்து, பிச்சாவரத்துப் பள்ளம் ஒன்றில் பரப்பிச் சில பருவங்கள் பார்க்கலாம். பக்கத்திலேயே வாய்க்கால் மட்டும் வெட்டிய மற்றொரு பள்ளத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டால், தூர்வாரும் செலவு எதில் குறைகிறது என்பதை வனத்துறையின் கணக்குப் புத்தகமே காட்டும்.