மூக்கில் ஓர் அணை, வாலில் ஒரு தகடு



பட்டணத்துப் பக்கம் போனால் சில காடிகளில் முன் பம்பருக்குக் கீழே தாடைபோல ஒரு தகடு தொங்குவதையும், பின்னால் பூட் மூடியின்மேல் சிறகுபோல ஒன்று நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். முன்னால் உள்ளதை ஏர் டேம் என்பார்கள். காற்றணை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். பின்னால் உள்ளது ஸ்பாய்லர். நம் பையன்களுக்கு இவற்றின்மேல் மோகம் அதிகம். வெறும் பகட்டு என்று பெரியவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், ஓட்டுகிறவன் உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்ற கவலையிலிருந்து பிறந்த பொருள்கள் இவை. இவற்றின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் 1963க்கும் 1971க்கும் இடையில் நடந்தது.

முதலில் காற்றைப்பற்றி ஒரு வார்த்தை. பெருங்காற்று அடிக்கும்போது லயத்து வீட்டின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போவது உங்களுக்குத் தெரியாததல்ல. கூரையின் முதுகைத் தாண்டி வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் அப்போது தகரத்தை மேலே தள்ளுகிறது. காடியின் உடலும் ஏறத்தாழ ஒரு கூரைதான். மேற்புறம் வளைவு, அடிப்புறம் தட்டை. ஓடும்போது அதையும் காற்று தூக்கப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். ஆகவே, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் தெரியாது. 200 கிலோமீட்டரைத் தாண்டினாலோ முன் டயர்களின்மேல் இருக்கும் பாரம் குறைந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி சொன்னபடி கேட்காது.

இப்படிப்பட்ட வேகத்தைச் சாதாரண மக்களின் கையில் கொடுத்தவை, அமெரிக்கர்கள் மசில் கார் என்று அழைத்த வண்டிகள். 1964இல் போன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள ஓர் உடலுக்குள் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்றது. ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணியாரும் டிரெசரும் வைத்திருந்த மோரிஸ் மைனரை நினைவில் கொள்ளுங்கள். அதன் எஞ்சினைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு! எஞ்சினைப் பெரிதாக்கியவர்கள் காற்றைப்பற்றி அவ்வளவாக எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் டெக்சஸ் மாநிலத்தவரான ஜிம் ஹால். 1963இல் அவர் உருவாக்கிய செப்பரல் என்னும் பந்தய வண்டி, வேகம் கூடியதும் மூக்கைத் தூக்கியது. பனி வாரும் வண்டியின் முன்னால் இருப்பதுபோன்ற ஒரு தகட்டை மூக்கின் கீழே பொருத்தினார். அடியில் புகும் காற்று குறைந்தது, அழுத்தம் தணிந்தது, மூக்கு தாழ்ந்தது. 1966இல் அவரே வண்டியின் பின்புறம் உயரமான தூண்களின்மேல் ஓர் இறக்கையைத் தலைகீழாக நிறுத்தினார். விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். தலைகீழ் இறக்கை கீழே அமுக்கும். அந்த வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. சும்மா இருந்த இடது காலுக்கு ஒரு மிதியைக் கொடுத்து, நேர்ச்சாலையில் இறக்கையைத் தட்டையாக்கிக்கொள்ளவும் வழி செய்திருந்தார். கால் சும்மா இருக்கிறதே என்று அதற்கு வேலை தேடிய மூளையை என்னவென்று சொல்வது!

பந்தயத்திலிருந்து இவை கடைக்கு வரக் காரணம் ஒரு சட்டம். 1966இல் தொடங்கிய டிரான்ஸ் ஆம் போட்டியில், கடையில் விற்கும் வண்டியே பந்தயத்தில் ஓடவேண்டும். ஆகவே, பந்தயத்துக்குத் தகடு வேண்டுமானால் கடை வண்டியிலும் தகடு இருந்தாகவேண்டும். 1969இல் செவ்ரலே கெமாரோவுக்கு முன் தகட்டையும் பின் தகட்டையும் ஒரே தொகுதியாகக் கேட்டு வாங்க முடிந்தது. அதே ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் முஸ்டாங் பாஸ் 302 வண்டியைக் கொண்டுவந்தது. அதன் முன் தகட்டையும் பின் இறக்கையையும் வடிவமைத்தவர் லாரி ஷினோடா.

இவரைப்பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். 1930இல் லாஸ் ஏஞ்சலீசில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் இவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசாங்கம் இவருடைய குடும்பத்தை மன்சனார் முகாமில் அடைத்து வைத்தது. அதே வேளையில் மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி நடந்ததையும், நம் தோட்ட மக்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதையும் நாம் மறக்கமுடியாது. அங்கே இந்தப் பள்ளிச் சிறுவன், முகத்தின் சாயலுக்காகவே முள்வேலிக்குள் இருந்தான். பிற்காலத்தில் அந்நாட்டு இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கிய வண்டிகள் அவர் கைவண்ணமாக இருந்தன.

பாஸ் 302இன் முன் தகடு தொழிற்சாலையில் பொருத்தப்படவில்லை. ஏற்றி இறக்கும்போது அடிபடும் என்று பூட்டுக்குள் வைத்தே அனுப்பினார்கள். கடைக்காரர் எடுத்துப் பொருத்திக் கொடுக்கவேண்டும். 1970இல் டிரான்ஸ் ஆம் பட்டம் ஃபோர்டுக்குக் கிடைத்தது.

நாஸ்கார் எனப்படும் வட்டப் பாதைப் பந்தயத்தில் போட்டி இன்னும் கடுமை. அங்கே டாட்ஜ் நிறுவனம் 1969இல் சார்ஜர் டேட்டோனாவை இறக்கியது. கூர்மையான நீண்ட மூக்கு. பின்னால் 23 அங்குல உயரத்தில் ஓர் இறக்கை. குறைந்தது 500 வண்டிகள் செய்து விற்கவேண்டும் என்பது விதி, 503 செய்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் டல்லடேகா திடலின் முதல் பெரும் போட்டி நடந்தது. இந்த வேகத்தை டயர்கள் தாங்கமாட்டா என்று முன்னணி ஓட்டுநர்கள் பலர் வெளியேறிவிட்டார்கள். அவர்கள் அப்போதுதான் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். ரிச்சர்ட் பெட்டி அதன் தலைவர். சங்கம் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இருந்தவர்களை வைத்துப் போட்டி நடத்தப்பட்டது. ஒரு டேட்டோனாவே வென்றது. 1970 மார்ச் 24ஆம் நாள் அதே திடலில் நடந்த சோதனை ஓட்டத்தில் பட்டி பேக்கர் டேட்டோனாவை மணிக்கு 200 மைலுக்கு மேல் ஓட்டினார். அதாவது 322 கிலோமீட்டர். நாஸ்கார் வரலாற்றில் அந்த எல்லையைத் தாண்டிய முதல் மனிதர் அவர்.

1971இல் நாஸ்கார் இத்தகைய இறக்கை வண்டிகளுக்கு 305 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்றது. கதை அத்தோடு முடிந்தது. கடைகளிலோ இந்த விநோத வண்டிகளைச் சீந்துவாரில்லை. டேட்டோனாவின் உடன்பிறப்பான பிளைமவுத் சூப்பர்பேர்டின் மூக்கையும் இறக்கையையும் கழற்றிச் சாதாரண வண்டியாக்கி விற்ற கடைக்காரர்களும் உண்டு என்பார்கள். 2023இல் ஒரு டேட்டோனா பத்து லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. அன்றைய கடைக்காரர் யாராவது இருந்து கேட்டிருந்தால் மனம் பொறுத்திருக்காது.

பழைய வண்டிகளைப் பேணி வைத்திருப்பவர்கள் இன்றும் இந்தத் தகடுகளைப் பொருத்துகிறார்கள். இதில் எனக்கு ஒரு கண்டிப்பான எண்ணம் உண்டு. பின்னால் மட்டும் பெரிய இறக்கையை மாட்டுவது ஆபத்து. பின்பக்கம் அழுந்தினால், துலாக்கோலைப்போல முன்பக்கம் இன்னும் லேசாகும். தூக்குவது நிற்கவேண்டிய இடத்திலேயே தூக்கல் கூடும். முன்னால் மட்டும் மாட்டினாலோ வளைவில் பின்பக்கம் வழுக்கும். இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். காற்றணையை வெறும் பம்பர் தகரத்தில் திருகினால் போதாது. காற்றின் தள்ளுதலைத் தாங்க, பின்னாலிருந்து சட்டத்தோடு முட்டுக்கொடுக்க வேண்டும். மேட்டில் இடித்தாலும் உடையாதபடி கீழ் விளிம்பு ரப்பர் போன்ற பொருளாக இருப்பது நல்லது. பூட் மூடி மெல்லிய தகரம். உட்புறம் அகலமான வாஷர் போட்டுத் திருகவேண்டும். துளையிட்ட விளிம்பில் சாயம் பூசாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு பிடிக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் நல்ல காற்றணை எஞ்சின் சூட்டையும் தணிக்கும்.

தகடு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, வண்டியின் உடலெங்கும் ஒரு முனையை மட்டும் ஒட்டுவார்கள். ஒருவர் ஓட்ட, மற்றொரு வண்டியிலிருந்து இன்னொருவர் பார்ப்பார். நூல் படிந்து கிடந்தால் காற்று உடலை ஒட்டி ஓடுகிறது. சுழன்று துடித்தால் அங்கே காற்று உடலைவிட்டுப் பிரிந்துவிட்டது. அந்த இடத்தில் சிறிய தகட்டை வைத்தும் பெரிய பயன் இராது.