பத்துப் பட்டதாரிகள்

திருவனந்தபுரத்து வெள்ளையம்பலம் சந்திப்பில் தலைப்பாகை அணிந்த ஒருவரின் சிலை நிற்கிறது. 1980-ஆம் ஆண்டில் இந்திரா காந்தி அம்மையார் திறந்துவைத்த அச்சிலை, அய்யன்காளியினுடையது. அந்நகரை அடுத்த வெங்கானூரில் 1863-இல் பிறந்த அவர் பள்ளியில் பயின்றவரல்லர். அவர் பிறந்த புலையர் குலத்துக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டிருந்த காலம் அது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் உழவுத் தொழிலாளரைத் திரட்டினார். பள்ளியில் எம் மக்களுக்கு இடமில்லையெனில் நும் வயல்களில் எமக்கு வேலையில்லை என்பதே அவ்வேலைநிறுத்தத்தின் கருத்து. 1910-களில் பஞ்சமி என்னும் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியே எரியூட்டப்பட்டது. எனினும் அவர் தளரவில்லை. ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நியமன உறுப்பினராக அமர்ந்து, தம் மக்களுக்கு நிலமும் கல்வியும் உத்தியோகமும் கேட்டார்; மாணவர்க்குக் கட்டணச் சலுகையும் வேண்டினார்.

1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூர் வந்தார். அப்போது முதியவராகிய அய்யன்காளி தமக்கென ஒன்றும் கேட்டாரில்லை. தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறக் கண்டு மறைய வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவ்வாண்டு நவம்பரில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்றைய கேரளப் பல்கலைக்கழகம் அதுவே. 1941-இல் அய்யன்காளி காலமானார்.

அப்பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றுத் தேறிய இளைஞர் ஒருவர், அம்முதியவரின் கனவுக்கு விளக்கம்போல் அமைந்தார். அவரே கே. ஆர். நாராயணன். உழவூரில், ஒடுக்கப்பட்ட வகுப்பினரான ஓர் ஏழை வைத்தியரின் மகன். நாள்தோறும் வயல் வரப்புகளில் நெடுந்தொலைவு நடந்து பள்ளி சென்றவர். கட்டணம் செலுத்த இயலாத நாள்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். நூல் வாங்கப் பொருளில்லை. ஈளை நோயால் வீட்டிலிருந்த தமையனார், பிறரிடம் இரவல் பெற்ற நூல்களைக் கையால் படியெடுத்துத் தம்பிக்கு அளித்தார். பின்னர்க் கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் பயில அரச குடும்பத்தின் உதவித்தொகை கிடைத்தது. 1945-இல் லண்டன் பொருளியல் பள்ளிக்குச் செல்ல ஜே. ஆர். டி. டாட்டா உதவினார். 1997-இல் நாராயணன் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

இவ்வுதவிகளுள் பெரியது எது? லண்டன் பயணத்திற்கு ஈந்த பொருள் பெரிதுதான். ஆனால் தமையனார் படியெடுத்த தாள்கள் இல்லையேல், பின்வந்த உதவித்தொகைகள் தேடிவருவதற்கு ஒரு மாணவரே இருந்திருக்க மாட்டார். தேர்ச்சி பெற்றவனைப் பாராட்டிப் பரிசளிக்கப் பலர் முன்வருவர். தவறிவிடுவான் எனத் தோன்றும் நாளில் துணைநிற்போர் சிலரே.

வெளிமாநிலங்களில் வாழும் நாம், நம் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் பொன்னாடைகளும் கேடயங்களும் வழங்கி மகிழ்கிறோம். நல்லதே. அவ்விழாவுக்குப் பல திங்கள் முன்னரே, கட்டணம் செலுத்தும் கடைசி நாளை எண்ணிக் கலங்கும் மாணவர் நம் தெருவிலும் இருப்பர். அவர்தம் கதவைத் தட்டுவதற்கு விழா நாள் வரை காத்திருத்தல் வேண்டா.