தேற்றான் கொட்டையும் எட்டிக் கொட்டையும்

ராசிபுரம் போன்ற வறண்ட சமவெளி ஊர்களில் குழாய் வருவதற்கு முன்பு ஏரியும் கிணறும்தான் கதி. நல்ல மழை பெய்தால் ஏரித் தண்ணீர் செம்மண் கலரில் இருக்கும். அதைத் தெளிய வைக்கத் தமிழ்நாட்டில் பயன்பட்ட பொருள் ஒரு மரத்தின் விதை. பெயர் தேற்றான் கொட்டை. 'தேற்று' என்றால் தெளியச் செய்வது என்று பொருள், ஆக வேலையே பெயராகிவிட்டது!

செய்முறை ரொம்ப எளிது. மண்பானையின் உட்புறத்தில் இந்த விதையை நன்றாகத் தேய்த்துவிட்டுக் கலங்கிய நீரை ஊற்றி வைத்தால் போதும். விதையில் உள்ள புரதமும் பிசின் போன்ற பொருட்களும் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். கனமான துகள்கள் அடியில் படிந்துவிடும். பிற்காலத்தில் படிகாரம் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

இது எவ்வளவு பழைய வழக்கம்? கலித்தொகையின் 142ஆம் பாடலில், காதலனைப் பிரிந்து கலங்கிய பெண்ணின் மனம் அவன் வந்ததும் தெளிவதற்கு, இந்த விதையால் தெளியும் நீர்தான் உவமை. அங்கே மரத்தின் பெயர் 'இல்லம்'. வடமொழியில் இது கதகம். சுசுருத சம்ஹிதையும் இதைச் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸின் மகன் இதற்கு 'ஸ்ட்ரிக்னோஸ் பொட்டேடோரம்' என்று பெயர் வைத்தார். பின்பாதிக்கு 'குடிப்பவர்களுடையது' என்று அர்த்தம். (தண்ணீர் குடிப்பவர்கள்தான், வேறு கற்பனை வேண்டாம்!)

சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. அதே ஸ்ட்ரிக்னோஸ் பேரினத்தில்தான் எட்டியும் வருகிறது. எட்டி பழுத்தாலும் யாருக்கும் பயனில்லை என்று கஞ்சனைத் திட்டுவார்களே, அந்த எட்டி. அதன் விதையில் இருப்பது ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய விஷம். 1818ல் பெல்லெட்டியே, கவந்து என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷத்தை முதலில் பிரித்தெடுத்தனர். அகதா கிறிஸ்டியின் முதல் நாவலில் (1920) கொலை நடப்பதும் இதனால்தான். ஒரு மரம் குடிநீருக்கு, அதன் பங்காளி கொலைக்கு!

பார்த்தவுடன் பிரித்தறியலாம். தேற்றான் பழம் சிறியது, பழுத்தால் கறுக்கும், பெரும்பாலும் ஒரே விதை. விதை பட்டாணியைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிர் மஞ்சளில் இருக்கும். எட்டிப்பழமோ சின்ன ஆரஞ்சு மாதிரி உருண்டையாக, பார்க்க ஆசையாக இருக்கும். உள்ளே பல விதைகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், பட்டு மாதிரி மினுமினுக்கும். கசக்கிறதா என்று வாயில் வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

சித்த மருத்துவத்தில் தேற்றான் கொட்டை லேகியம் இன்றும் கிடைக்கிறது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒன்று: கலங்கல் போனாலும் கிருமி முழுவதும் போகாது. தெளிந்த நீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.