எழுதாத ஏடு: ஹவாய்த் தீவின் ஹூலா

இரும்புக்கடைக்காரனுக்கு ஹவாய்த் தீவு ஆட்டத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. நான் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கல்லாவில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் படித்ததுதான் எல்லாம். 1980களில் கல்கத்தாவுக்கு வந்த புதிதில், எங்கள் சந்தில் ஒரு வங்காளிப் பையன் சாயங்காலமானால் கிதாரை மடியில் கிடத்தி ரவீந்திர சங்கீதம் வாசிப்பான். என்ன வாத்தியம் என்று கேட்டேன். 'ஹவாயன் கிதார்' என்றான். பசிபிக் கடல் நடுவே கிடக்கும் தீவுக்கும் பவானிபூருக்கும் என்ன சம்பந்தம் என்று தேடப்போய், சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த தாவு மோ என்ற கலைஞர் 1940களில் குடும்பத்தோடு இந்த ஊரில் தங்கி வாசித்தார் என்று தெரிந்தது. அங்கிருந்து படிப்பு ஹூலாவில் கொண்டுபோய் விட்டது.

சினிமாவில் புல் பாவாடை கட்டி இடுப்பை ஆட்டுவார்களே, அதை ஹூலா என்று நினைத்துவிடக் கூடாது. ஹூலாவுக்கு உயிர் 'மெலே', அதாவது பாட்டு. பாட்டில்லாமல் ஹூலா இல்லை. பாட்டு சொல்வதைக் கை காட்டும். மழை, அலை, மலை எல்லாவற்றுக்கும் அபிநயம் உண்டு. வெளியே பூவைப் பாடுவது போலிருக்கும். உள்ளே காதலோ அரச வம்சமோ ஒளிந்திருக்கும். நம் சிலேடை மாதிரி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கவோனா'. தாளத்துக்குச் சுறாத்தோல் போர்த்திய 'பாஹு' முரசும், இரண்டு சுரைக்குடுக்கையை ஒட்டிச் செய்த 'இபு'வும். லாகா என்ற தேவதைக்குப் பீடம் வைத்து, விரதம் இருந்துதான் பாடம் கேட்டார்கள்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? அந்த மக்களுக்கு அப்போது எழுத்து கிடையாது. வம்சாவளி, கடவுள் கதை, ஊர்ப் பெயர் எல்லாம் பாட்டிலும் ஆட்டத்திலும்தான் இருந்தன. ஒரு சொல் பிசகினால் ஏட்டில் பூச்சி அரித்த மாதிரி. எங்கள் சமண மரபிலும் பஞ்சத்தில் முனிவர்கள் மடிந்தபோது, மனப்பாடமாக இருந்த ஆகமங்களில் ஒரு பகுதி போய்விட்டது என்பார்கள். அதனால் இந்த விஷயம் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

1820இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து இறங்கினார்கள். எழுத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள்தான், அதை மறுக்கக் கூடாது. 1822இல் அச்சும் ஓடியது. ஆனால் 1830இல், கிறிஸ்தவம் தழுவிய ராணி காஅஹுமானு பொது இடத்தில் ஹூலா ஆடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அந்நியர் அல்ல, சொந்த ராணி! பிறகு 1859இல் உரிமக் கட்டணம் கட்டினால் ஆடலாம் என்று சட்டம் வந்தது. கிராமங்களில் கிழவர்கள் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்ததால் கொஞ்சம் தப்பியது.

திருப்பம் மன்னர் கலாகாவா காலத்தில். 1883 பிப்ரவரியில் முடிசூட்டு விழாவில் ஹூலாவை அரண்மனை முற்றத்துக்கே கொண்டுவந்தார். நிகழ்ச்சி நிரல் அச்சாயிற்று. உடனே ஆபாசம் என்று அச்சிட்டவர் மேல் வழக்கு! இவர் காலத்தில்தான் 1879இல், கரும்புத் தோட்ட வேலைக்கு மதீராத் தீவிலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் வந்தார்கள். பிழைக்க வந்தவர்கள் மூட்டையில் ஒரு சின்ன கிதாரும் இருந்தது. அதுதான் யுகுலேலே ஆகி ஹூலாவோடு சேர்ந்துகொண்டது. வெளியூரில் கடை போட்ட நமக்கு இது புரியும்.

1893இல் ராணி லிலியுஓகலானியை அமெரிக்க வியாபாரிகள் கூட்டம் கவிழ்த்தது. அவர் இயற்றிய 'அலோஹா ஓஎ' பாட்டை நாட்டுக்கு விடைகொடுத்த ஒப்பாரி என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பு. அது அதற்குப் பதினைந்து வருஷம் முந்திய காதல் பாட்டு. நிஜமான அடி 1896இல் விழுந்தது: பள்ளியில் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஹூலாவைத் தடுத்த உத்தரவைவிட இதுவே கொடுமை என்பது என் கணிப்பு. பாஷை போனால் கை எதைக் காட்டும்? வந்த பயணிகளுக்கு இங்கிலீஷ் பாட்டுக்கு ஆடிக் காட்ட வேண்டியதாயிற்று.

1964இல் ஹிலோ ஊரில் கலாகாவா நினைவாக 'மெர்ரி மோனார்க்' விழா தொடங்கியது. 1971 முதல் ஹூலாப் போட்டி. 1978இல் ஹவாய் மொழி ஆட்சிமொழி ஆனது. 1984இல் அந்த மொழியிலேயே மழலையர் பள்ளி திறந்தார்கள். அதற்கப்புறம்தான் ஆடுகிற பிள்ளைக்குத் தான் எதை ஆடுகிறோம் என்று தெரியலாயிற்று.

1883இல் ஆபாசம் என்று வழக்குப் போட்டார்களே, அந்த நிரலில் 250க்கு மேற்பட்ட பாட்டுகள் குறித்திருந்தன. இன்று பழைய ஹூலாவைத் தேடுகிற ஆய்வாளர்கள் அந்தக் காகிதத்தைத்தான் சான்றாக எடுக்கிறார்கள்.