ஹெலிகாப்டர் வருவதற்கு முன்

1991 ஏப்ரல் 29 இரவு வங்கதேசத்தின் சிட்டகாங் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். அந்நாட்டின் முதல் பெண் பிரதமராகக் கலிதா ஜியா பொறுப்பேற்று ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய அரசு உலக நாடுகளிடம் உதவி கேட்டது. வளைகுடாப் போரை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கப்பல்கள் வங்காள விரிகுடாவுக்குத் திருப்பப்பட்டன. மே மாதத்தின் நடுவில் அவை வந்து சேர்ந்தன. அந்தப் பணிக்குக் 'கடல் தேவதை' என்று பெயர்.

பேரிடரில் படை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதை முன்மாதிரியாகக் காட்டுவார்கள். சீருடையைக் கண்டாலே ஐயப்படுகிற எனக்கும் அதில் கவனிக்கச் சில உண்டு. எந்தத் தீவுக்கு எது போக வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு வங்கதேச அரசிடமே இருந்தது. ஸ்டாக்போல் என்ற தளபதியின்கீழ் வந்த வீரர்களில் பெரும்பாலானோர் இரவில் கரையில் தங்கவில்லை, கப்பலுக்குத் திரும்பினார்கள். சாலை அறுந்த தீவுகளுக்கு அரிசியும் குடிநீரும் மருந்தும் ஹெலிகாப்டரில் போய்ச் சேர்ந்தன. அதனால் பிழைத்த உயிர்கள் பல. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வரலாறு ஹெலிகாப்டர் வந்த நாளிலிருந்து எழுதப்படுகிறது. பெண்களின் வரலாற்றை அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து எழுத வேண்டும். 20 முதல் 44 வயது வரையிலானவர்களில், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் அந்தப் புயலில் இறந்தார்கள். ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேர். அலைக்கு ஆண் பெண் என்ற பேதம் தெரியாது. பிறகு இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

எச்சரிக்கை கடைத்தெருவுக்கும் ஆண்கள் கூடும் இடங்களுக்கும் எளிதாகப் போனது. வீட்டுக்குள் இருந்தவளை அது எட்டுவது கடினம். எட்டினாலும், கணவன் வந்து சொல்லாமல் அவள் வாசலைத் தாண்ட முடியாது. புகலிடத்தில் அந்நிய ஆண்களோடு ஒரே அறையில் இரவைக் கழிக்க வேண்டும். பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை இல்லை. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்று, காலைச் சுற்றும் நனைந்த சேலை. நீந்த யாரும் சொல்லித்தந்ததில்லை. எவ்வளவு வலிமையான படை வந்தாலும் இவற்றில் எதையும் அந்த இரவுக்கு முன்னால் திருத்தியிருக்க முடியாது. பிரதமர் நாற்காலியில் ஒரு பெண் இருந்ததாலும் இவை மாறிவிடவில்லை.

2007இல் சிடர் புயல் வந்தபோதும் அமெரிக்கப் படை வந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். இத்தனை உயிர்களை மிச்சப்படுத்தியவை, நடுவில் கழிந்த பதினாறு ஆண்டுகளில் எழுந்த புகலிடங்களும், ஊர் ஊராக எச்சரிக்கையைச் சுமந்து சென்ற தொண்டர்களும். இன்று அத்தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். ஒரு பெண் வந்து கதவைத் தட்டினால் இன்னொரு பெண் திறக்கத் தயங்குவதில்லை.

வெள்ளத்திலிருந்து ஒரு பெண்ணை வீரன் தூக்கிக் காப்பாற்றும் படத்தை நாம் அடிக்கடி பார்க்கிறோம். கதவைத் தட்டியவளை யாரும் படம் எடுப்பதில்லை. பேரிடர் வரலாற்றைப் படிக்கும் பெண்கள் முதலில் தேட வேண்டியது அவளைத்தான்.