நின்றுபோன பேனாக்கத்தியைத் தேடி

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் பழைய பேனாக்கத்தி ஏதேனும் கிடக்கிறதா? கிடந்தால், இந்தக் கட்டுரையைப் படிக்கும் முன் அதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ, துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கருவிப் பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்துக் காட்டக்கூடும். கயிறு அறுக்கவும், பென்சில் சீவவும், மாம்பழம் நறுக்கவும் பல்லாண்டு உழைத்த கத்தி அது.

அதே போன்ற கத்தி உங்களுக்கும் வேண்டுமென்று இணையக் கடைகளில் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் வரும், பழைய விலையும் வரும். அதன் கீழே, ‘இவ்வகை இப்போது தயாரிக்கப்படுவதில்லை’ என்று ஒரு வரியும் வரும். அங்கேதான் தேடல் தொடங்குகிறது. எந்த நாட்டிலாவது, எந்தக் கடையிலாவது விற்காமல் மிஞ்சிய கத்தி ஒன்று இருக்காதா? இப்படித் தேடுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஒரு சிறு கத்திக்கு இத்தனை பாடா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தத் தேடல் நேற்றுத் தோன்றியதன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகள் இதில் இறங்கினார்கள். அவர்கள் தேடியது நம் நாட்டு எஃகின் இரகசியத்தை! அது முழுதாகப் பிடிபடும் முன்பே நம் நாட்டில் உற்பத்தி நின்றுபோயிற்று. ஒரு பொருளின் உற்பத்தி நின்றால் உண்மையில் எது மறைகிறது? இதுதான் நம் கேள்வி.

மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்

பேனாக்கத்தி என்று ஏன் பெயர் வந்தது? ஐரோப்பாவில் பறவை இறகை முனை சீவிப் பேனாவாகப் பயன்படுத்தினார்கள். முனை தேயத் தேயச் சீவ வேண்டும். அதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட சிறு கத்தியே பேனாக்கத்தி. இறகு போய் இரும்பு முள் வந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

நம்மிடமும் இதற்கு ஓர் உறவு உண்டு. ஓலையில் எழுதிய காலத்தில், மடக்கெழுத்தாணி என்று ஒரு கருவி இருந்தது. ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் ஓலை சீவும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். காகிதம் வந்ததும் அதன் தேவை தீர்ந்தது. அதுவும் ‘தயாரிப்பு நின்ற’ பொருள்தான். இன்று அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

உங்கள் பேனாக்கத்தியை மெதுவாகத் திறந்து பாருங்கள். பாதி வழியில் அது உங்கள் விரலை எதிர்க்கும். பிறகு ‘டக்’கென்று நிமிர்ந்து நிற்கும். கைப்பிடியின் முதுகில் உள்ள எஃகு வில்தான் இதற்குக் காரணம். வில் வளைந்து கொடுக்க வேண்டும். அலகோ வளையாமல் கூர் காக்க வேண்டும். இரண்டும் எஃகே ஆனாலும் குணம் வேறு. கார்பன் எவ்வளவு, எந்த வெப்பத்தில் காய்ச்சினார்கள், எப்படிக் குளிர்வித்தார்கள் என்பவற்றால் இந்த வேறுபாடு உண்டாகிறது. கத்தியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

லண்டனுக்குச் சென்ற உருக்கு

1794ஆம் ஆண்டில், பம்பாயிலிருந்த ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர், இந்திய உருக்குக் கட்டிகள் சிலவற்றை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். ஐரோப்பியர் அதனை ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். கன்னடத்தின் ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ என்ற சொற்களே இப்படித் திரிந்தன என்பர்.

கட்டியை ஆராயும் பொறுப்பு ஜார்ஜ் பியர்சன் என்பவரிடம் வந்தது. லண்டனில் பெயர் பெற்ற கத்தி வினைஞரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட், பாங்க்ஸின் விருப்பப்படி அக்கட்டியின் ஒரு துண்டை அடித்து ஒரு பொருள் செய்தார். என்ன பொருள் என்கிறீர்கள்? ஒரு பேனாக்கத்தி! அதன் கூர் இங்கிலாந்தின் மிகச் சிறந்த எஃகுக் கத்திக்குச் சமமாக இருந்தது. பல வேலைகளுக்கு இது இங்கிலாந்து எஃகைவிட மேலானது என்றும், அறுவைக் கருவிகளுக்கு மிகவும் ஏற்றது என்றும் ஸ்டோடார்ட் கருதினார். இச்செய்தி 1795இல் பியர்சன் வெளியிட்ட ஆய்வுரையில் இடம்பெற்றது.

மூசைக்குள் நடந்தது என்ன?

இந்த எஃகைச் செய்தவர்கள் சேலம், திருச்சி வட்டாரங்களிலும் தெலங்கானத்திலும் மைசூர்ப் பகுதியிலும் இருந்த கிராமத்துக் கொல்லர்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வு, இரும்புத் தொழில் இங்கே எவ்வளவு பழமையானது என்பதைக் காட்டியிருக்கிறது.

தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இடுவார்கள். கூடவே ஆவாரங்கட்டையும் எருக்கிலை போன்ற பச்சிலையும் சேர்ப்பார்கள். மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி, கரி உலையில் வைத்து, துருத்தியால் பல மணி நேரம் ஊதுவார்கள்.

தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரி உலையில் அதை எட்டுவது கடினம். ஆனால் மூசைக்குள் கட்டையும் இலையும் கருகிக் கார்பனாகின்றன. அந்தக் கார்பன் இரும்பில் கலக்கிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கார்பன் சேர்ந்தால் உருகுவதற்கான வெப்பம் சுமார் 100 டிகிரி குறைந்துவிடும். இரும்பு உருகிவிடுகிறது! பிறகு மூசையை மெல்லக் குளிரவிட்டால் உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கட்டி கிடைக்கும்.

இதை அடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வழக்கம்போல் வெண்மையாகப் பழுக்கக் காய்ச்சி அடித்தால் நொறுங்கிவிடும். மங்கிய செந்நிறச் சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும். இது தெரியாமல் ஐரோப்பியக் கொல்லர் பலர் கட்டிகளை நொறுக்கினார்கள். கட்டி கடல் தாண்டிச் சென்றது; அதை அடிக்கும் கை உடன் செல்லவில்லை.

இரகசியத்தைத் தேடியவர்கள்

அடுத்துத் தேடலில் இறங்கியவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த அதே ஃபாரடேதான்! அவர் ஒரு கொல்லரின் மகன் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1819இல் வூட்ஸ் எஃகைப் பகுத்து ஆராய்ந்த அவர், அதிலுள்ள சிறிதளவு அலுமினியமே அதன் சிறப்புக்குக் காரணம் என்று எண்ணினார். இது தவறு. ஆனால் பயனுள்ள தவறு! அந்த எண்ணத்தோடு அவர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகில் வெள்ளி, பிளாட்டினம் முதலிய உலோகங்களைக் கலந்து பார்த்தார். 1820இலும் 1822இலும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு முன்னோடியாயின.

இங்கிலாந்தில் 1856இல் பெஸ்ஸமர் தம் முறையை அறிவித்தார். எஃகு மலிந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் அப்போது துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல் கடலில் தூரத்தில் நிற்க, மசூலாப் படகுகள் அலையில் புகுந்து சரக்கைக் கரை சேர்த்தன. அங்கிருந்து சீமை இரும்பும் சீமைக் கத்தியும் ரயிலேறி உள்நாட்டுச் சந்தைகளுக்குச் செல்ல வழி பிறந்தது. மறுபுறம், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் போன்ற சட்டங்கள் காட்டுக் கரிக்குக் கட்டுப்பாடு விதித்தன. மலிவான போட்டி ஒருபுறம், கரித் தட்டுப்பாடு மறுபுறம். மூசை உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

நூறாண்டுக்குப் பிறகு, அமெரிக்க உலோகவியலர் ஜான் வெர்ஹோவனும் கத்தி வினைஞர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் இக்கத்திகளின் மேனியில் நீரலை போல் ஓடும் கோலத்தை மீண்டும் உண்டாக்க முயன்றார்கள். 1998இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. வனேடியம் போன்ற உலோகம் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்தாலே கோலம் உண்டாகிறது. எவ்வளவு? ஒரு கிலோ எஃகில் 40 மில்லிகிராம் போதும்! அந்த வனேடியம் சில ஊர்த் தாதுவில் இயல்பாகவே இருந்தது. கொல்லருக்கு அதன் பெயர் தெரியாது. எந்த ஊர்த் தாது நல்லது என்பது தெரியும். தாது மாறியபோது கோலமும் மறைந்திருக்கும் என்பது வெர்ஹோவனின் கருத்து.

பெயர் மட்டும் பிழைத்தால்

இப்போது இணையக் கடைக்குத் திரும்புவோம். சுவிஸ் கத்தியின் கதையைப் பாருங்கள். கார்ல் எல்ஸனர் 1884இல் தொடங்கிய பட்டறையே இன்றைய விக்டோரினாக்ஸ். 1891 முதல் சுவிஸ் படைக்குக் கத்தி கொடுத்தது. வெங்கர் என்ற மற்றொரு நிறுவனமும் அதே படைக்குக் கத்தி செய்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமானப் பயணத்தில் கத்திக்குத் தடை வந்தது, விற்பனை சரிந்தது. 2005இல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கியது. 2013 முடிவில் வெங்கர் பெயரில் பேனாக்கத்தி செய்வதே நின்றது. அதனால்தான் பழைய வெங்கர் கத்தியை இன்று பலர் தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஷ்ரேட் நிறுவனம் 2004இலும், கமில்லஸ் நிறுவனம் 2007இலும் மூடப்பட்டன. பெயர்களைப் பிறர் வாங்கினார்கள். அதே பெயருடன் கத்திகள் வேறு இடங்களில் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்தன. பெயர் அதுவே; எஃகும் கையும் வேறு! இணையத்தில் தேடுவோர் ஏமாறும் இடம் இதுதான்.

திருவொற்றியூரில் நின்றுபோகாத பொருள்

பெயரோடு கையும் கடல் கடந்து வந்தால் என்ன ஆகும்? இதற்கு விடை திருவொற்றியூரில் இருக்கிறது. இது கத்தியன்று, மோட்டார் சைக்கிள். ஆனாலும் நம் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் ஊசித் தொழிலுக்குப் பேர்போனது. ராயல் என்ஃபீல்டின் வேரும் அங்கே 1851இல் ஊசி செய்யத் தொடங்கிய ஒரு சிறு தொழிலில்தான் இருக்கிறது. 1955இல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினார்கள். 1957இல் உறுப்புகளைச் செய்யும் கருவிகளே வந்து சேர்ந்தன. 1962 அளவில் புல்லட் வண்டி முழுவதும் இங்கேயே உருவாயிற்று.

ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி அடியோடு நின்றது. அங்கே புல்லட் ‘தயாரிப்பு நின்ற’ பொருள். திருவொற்றியூரிலோ அன்றாடம் வெளிவந்த பொருள்! 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதியாயிற்று. பெட்ரோல் தொட்டியில் தூரிகையால் கோடு இழுக்கும் கைத்திறன்கூட இங்கே நெடுங்காலம் தொடர்ந்தது. வரைபடமும், கருவியும், பழகிய கையும் சேர்ந்து வந்ததால்தான் இது நடந்தது. வூட்ஸ் கட்டிக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

தேடுவோர்க்குச் சில சொற்கள்

நீங்களும் பழைய கத்தி ஒன்றைத் தேடினால், அலகு கைப்பிடியோடு சேரும் அடிப்பகுதியை முதலில் பாருங்கள். செய்தவர் பெயரும் ஊரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். விக்டோரினாக்ஸின் சிலுவை கேடயத்துக்குள் இருக்கும். வெங்கரின் சிலுவை முனை மழுங்கிய சதுரத்துக்குள் இருக்கும். படம் மட்டும் போட்டிருந்தால், அடிப்பகுதியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அலகு எத்தனை முறை தீட்டப்பட்டது என்பதை அதன் அகலமே சொல்லிவிடும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் ஆகியவற்றுக்கென்று செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு நம் நாட்டில் ஆயுதமாகக் கருதப்படும். பேனாக்கத்தி இந்த அளவுக்குள் அடங்கும். ஆனால் விமானத்தில் கைப்பையில் கொண்டுசெல்லக் கூடாது. மாணவர்களே, பள்ளிக்கும் கொண்டு போகாதீர்கள்.

இன்னொரு தேடலும் உண்டு. அதற்குப் பணம் வேண்டியதில்லை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் கடைசல் பிடித்தவர்கள், வார்ப்படம் ஊற்றியவர்கள், எஃகின் நிறத்தைப் பார்த்தே அதன் சூட்டைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கற்றதில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. சேலத்துக் கொல்லரிடம், ‘ஐயா, எந்தத் தாது? ஏன் அந்தத் தாது?’ என்று ஒருவர் கேட்டு எழுதி வைத்திருந்தால், வெர்ஹோவன் அத்தனை பாடுபட நேர்ந்திராது.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள். பென்சிலைச் சீவ அவரே கத்தி கொடுப்பார்.