முத்தோரைச் சரிவு

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை என்ற இடத்தில் ஒரு மலைச்சரிவு வடக்குத் தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கிறது. அவ்விடத்தின் அகலக்கோடும் ஏறத்தாழ 11 பாகைதான். அந்தச் சரிவின்மேல் ஒரு தொலைகாட்டியை நீளவாக்கில் கிடத்தினால் அதன் அச்சு பூமியின் சுழலச்சுக்குச் சமாந்தரமாகிவிடும். பிறகு ஒரே அச்சில் திருப்பினால் போதும். வானத்தின் ஒரு புள்ளியை ஒன்பதரை மணித்தியாலம் விடாமல் தொடரலாம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் இந்தச் சரிவைத் தேடிக் கண்டு, 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட றேடியோ தொலைகாட்டியை 1970இல் இயங்க வைத்தார். இதைவிட அழகான இடத்தேர்வை நான் அறியேன்.

அந்தக் காலத்தில்தான் இலங்கை மலையகத்து எங்கள் ஆட்களும் நீலகிரி ஏறினார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் என் அத்தையும் ஒருவர். கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு அவர் போட்ட கடிதமொன்றில், ஊட்டி மலையில் கம்பி கட்டி வானத்துச் சத்தம் கேட்கிறார்களாம் என்று எழுதியிருந்தார். அவர் கேள்விப்பட்டது சரி. அந்தத் தொலைகாட்டியின் பரவளைவுப் பரப்பு 1,100 மெல்லிய உருக்குக் கம்பிகளால் ஆனது. என்னைப் பௌதிகவியல் பக்கம் இழுத்தது அந்தக் கடிதம். வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு அதையேதான் படிப்பிக்கிறேன்.

றேடியோ மூலங்களை நிலவு மறைப்பதை அளக்கவென்று கட்டிய ஊட்டித் தொலைகாட்டி, பின்னர் சுழன்றபடி றேடியோத் துடிப்பு அனுப்பும் விண்மீன்களான பல்சர்களையும் கேட்டது. 1967இல் ஜோசலின் பெல் முதல் பல்சரைக் கண்டார். 1982இல் செக்கனுக்கு 642 தடவை சுழலும் பல்சர் அகப்பட்டது. கடிகாரம்போல் ஒழுங்காகத் துடிக்கும் இத்தகைய பல்சர்களைக் கொண்டு, வெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலைகளைத் தேடலாம். பெருங்கருந்துளைச் சோடிகள் எழுப்பும் ஈர்ப்பலை ஒன்று கடந்துபோக ஆண்டுகள் பிடிக்கும். அதனால் பல்சர்களின் துடிப்புகள் சில பத்து நனோசெக்கன் முந்தியோ பிந்தியோ வரும். இரண்டு பல்சர்களுக்கு இடையிலான கோணத்துக்கேற்ப அந்தப் பிசகுகள் எவ்வளவு ஒத்துப்போக வேண்டுமென்று ஹெலிங்ஸும் டவுன்ஸும் 1983இல் கணித்துவிட்டார்கள்.

தொல்லை வழியில் இருந்தது. விண்மீன்களுக்கு இடையே பரவிய இலத்திரன்கள் துடிப்பைத் தாமதிக்கின்றன. தாமதம் மீடிறனின் வர்க்கத்துக்கு நேர்மாறு. 1,400 மெகாஹேர்ட்ஸில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 22 மடங்கு 300 மெகாஹேர்ட்ஸில். ஆகவே தாழ்ந்த மீடிறனில் கேட்பவருக்கே இந்தத் தாமதத்தைத் திருத்தமாக அளந்து கழிக்க முடியும். ஊட்டி 326.5 மெகாஹேர்ட்ஸில் கேட்கிறது. ஸ்வரூப் புனே அருகே அமைத்த, 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுகளும் அந்த வீச்சைக் கேட்கின்றன. பல்சர்களின் துடிப்பு நேரத்தை அளக்கும் இந்தியப் பல்சர் அணி இவ்விரண்டையும் கொண்டுதான் வேலையைத் தொடங்கியது. ஈர்ப்பலையின் கதையில் கருந்துளைகளையே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ இந்தக் கழித்தல்தான் பெரிய சாதனை.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க, ஐரோப்பிய, அவுஸ்திரேலிய, சீன அணிகள் ஒரே நேரத்தில், பல ஈர்ப்பலைகள் கலந்த ஈர்ப்பலைப் பின்னணிக்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தன. ஐரோப்பியரின் 25 ஆண்டுத் தரவுடன் புனேயின் தாழ்மீடிறன் தரவும் சேர்ந்திருந்தது. அதைக் கேட்க ஸ்வரூப் இல்லை; 2020 செப்டெம்பரில் காலமாகிவிட்டார். ஐயமற்ற கண்டுபிடிப்பு என்று சொல்லும் அளவை அந்தச் சான்று இன்னும் எட்டவில்லை. அதற்கு இன்னும் பல ஆண்டு அளவீடு வேண்டும். 2021இல் பல்சர் அணிகளின் அனைத்துலகக் கூட்டமைப்பில் சேர்ந்த இந்திய அணியும் மற்றவர்களும் ஒருவர் தரவோடு ஒருவர் தரவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.